வாக்குமூல நைனாவும் ஆற்றில் இறங்கிய லாரியும்

சென்னைக்கு வடக்கே லாரி ஓட்டியவர்கள் உண்மை பேசப் பழகியது கோயிலிலும் இல்லை, கோர்ட்டிலும் இல்லை. ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே, ஆரணியாற்று மணலில், அச்சு வரை புதைந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் பழகினார்கள். பழக்கியவர் வாக்குமூல நைனா. பெற்றோர் அவருக்கு வேறு பெயர் இட்டிருப்பார்கள். வாக்காளர் பட்டியல் அதை அறிந்திருக்கலாம், ஊர் அறியாது.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கிய காலம் அது. இரும்பும் இயந்திரமும் சுமந்த லாரிகள் சுற்றுவழியை வெறுத்து, ஆற்றைக் குறுக்கே கடக்கப் பார்க்கும். ஆறு அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீட்பதற்கென்றே நைனா கரையில் ஒரு பழைய கல்செக்கைப் பாதி புதைத்து வைத்திருந்தார். அதன் குழியில் செங்குத்தாக ஒரு பருத்த மரத்தண்டு. தண்டின் குறுக்கே நீண்ட தடிகள். வடத்தின் ஒரு முனையை லாரியில் கட்டி, மறுமுனையைத் தண்டின் அடியில் சுற்றுவார். ஆட்கள் தடிகளைத் தள்ளிக்கொண்டு வட்டமாக நடந்தால் வடம் தண்டில் சுருளும்; வண்டி அங்குலம் அங்குலமாகக் கரையேறும்.

ஆனால் தடியை எவரும் தொடுவதற்கு முன்பு விசாரணை நடக்கும். வண்டியில் உண்மையான பாரம் எவ்வளவு? அதை ஆற்றில் இறக்கியவர் யார்? ஓட்டுநர் அனைவரும் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை நைனா மணலில் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார்.

"நாய் குறுக்க வந்துச்சு நைனா" என்றார் ஒரு செங்கல் லாரிக்காரர்.

"நாயைக் கூட்டிக்கினு வா. அது இன்னா சொல்லுதுன்னு கேப்போம்."

ஓட்டுநர் மெய்யாகவே நாயைத் தேடிப் போனார். வெயில் சாய்ந்த பிறகு நாயில்லாமல் திரும்பி, தாம் கண்ணயர்ந்ததை ஒப்புக்கொண்டார். இன்னொரு முறை, புதைந்த லாரியை இழுக்க வந்த லாரியும் புதைந்தது. இரு ஓட்டுநர்களும் ஒருவரை ஒருவர் சாடினார்கள். நைனா நாஷ்டா வரவழைத்து, கல்யாணப் பந்தியில் உண்பவர் போல் நிதானமாக உண்டார். பசி தாளாமல் இருவரும் ஒரே குரலில் குற்றத்தை ஏற்றபோது, கையை உயர்த்தித் தடுத்தார்: "ஒவ்வொருத்தரா சொல்லுங்கப்பா. இது இன்னா பஜனையா?"

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அவருடைய வலது மணிக்கட்டில் இருந்தது. அது கோணலாக ஒட்டிய எலும்பு. "லோடு கம்மின்னு சொன்னான் ஒருத்தன். நம்பி ஒத்தை வடம் போட்டேன். அறுந்து வந்து அடிச்சுது. தடி புடிக்கிறவன் உசிரைக் குடுக்கிறான். அவனுக்கு நெசம் சொல்லணுமா, வேணாமா?" மேடைப்பேச்சே பழக்கமான எனக்கு, இக்கேள்விக்கு எதிர்வாதம் எந்த மேடையிலும் கிடைத்ததில்லை.

இனி அந்த மழைக்கால நண்பகலுக்கு வருகிறேன். புதிய தொழிற்சாலை ஒன்றுக்கு இயந்திரம் ஏற்றி வந்த லாரி நட்டாற்றில் அமர்ந்துவிட்டது. ஓட்டுநர் அந்தோணி, மீஞ்சூர்க்காரர். வயல்கூலியாக இருந்து, ஸ்டீயரிங் பிடித்து, அந்தத் தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்குக் காத்திருந்தவர். மேற்கே ஆந்திர மலைகளில் மழை. ஆற்றுநீர் செந்நிறமாகி, சக்கரத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. கரையில் வெள்ளைக் கால்சட்டையுடன் தொழிற்சாலை சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"பாலத்து வழியா வான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். திமிரு! இவன் தப்புன்னு ஆயிடட்டும், இன்னியோட சீட்டு கிழிஞ்சுது" என்று ஊரறிய முழங்கினார்.

அந்தோணி வாய் திறக்கவில்லை. ஒப்புக்கொண்டால் வேலை போகும். மறுத்து, உண்மையைச் சொன்னாலும் போகும். இரண்டாவது இயந்திரத்தையும் ஏற்றி, குறுக்குவழியில் போகச் சொன்னவர் அந்த வெள்ளைக் கால்சட்டைக்காரரே என்பதைப் பின்னாளில் அந்தோணியே எனக்குச் சொன்னார்.

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் வென்ற கோப்பையோடு நான் அவ்வழியே வந்தது அப்போதுதான். "பேச்சாளர் வந்துட்டாரு, வழி உடுங்க!" என்று யாரோ என்னை முன்னே தள்ளினார்கள். ஓட்டுநருக்காக வாதாடினேன். "நடுவர் அவர்களே! வெள்ளம் வழக்காடுவதில்லை, அது தீர்ப்பை மட்டுமே எழுதும்!" என்று முடித்தபோது கரை முழுவதும் கைதட்டல்.

வழக்கம்போல் மணலில் சம்மணமிட்டுக் கண்மூடி அமர்ந்திருந்த நைனா கண் திறந்தார். "கை தட்டுனவன்லாம் தடி புடிக்க வாங்க. தம்பி, நீயுந்தான். கோப்பையைக் கீழ வை. டிரைவரே, நீ இன்னும் பேசலையே?"

அந்தோணி தலை குனிந்தார். "நைனா, என்னாண்ட கேக்காத. ஊட்ல புள்ளைங்க கீதுங்க."

நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். லாரியின் அடியில் கைவிட்டு, நசுங்கித் தட்டையாகிக் கிடந்த ஸ்பிரிங் பட்டைகளைத் தடவினார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். சூப்பர்வைசரையும் ஒரு முறை பார்த்தார். கரைக்கு வந்து, தடிகளின் அருகே நின்றவர்களிடம் உரத்த குரலில் சொன்னார்:

"எல்லாரும் கேட்டுக்கோங்க. லோடு ரெண்டு மடங்கு கீது. ரெண்டு வடம் போடுறேன். வடத்துக்கு நேரா ஒருத்தனும் நிக்கக்கூடாது. அப்புறம், இந்த வண்டியை எறக்குனது நான்தான். போன வாரம் அங்க மண்ணு எடுத்தேன். பள்ளத்தை மூடாம வுட்டுட்டேன். டிரைவர் மேல தப்பு இல்ல."

நைனா ஆற்றில் ஒரு கூடை மண்கூட எடுத்தவரில்லை என்பது அங்கு நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்கு மட்டும் தெரியாது. உயிர்காக்கும் உண்மையில் ஒரு குண்டுமணியும் குறைக்காமல், பழியை மட்டும் அவர் தம் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

இரட்டை வடம் இறுகியது. செக்குக் கல் முனகியது. தடியை மார்பில் அணைத்து நாங்கள் சுற்றினோம், கால்கள் மணலில் வழுக்கின, லாரி அசையவில்லை. நைனா பனைமட்டைகளை வெட்டிவரச் செய்து சக்கரங்களுக்கு முன்னே செருகினார். "இப்ப மெள்ள முறுக்கு அந்தோணி, மெள்ள!" லாரியின் என்ஜின் உறுமியது. நாங்கள் சுற்றினோம். சேறு பெருமூச்சு விட்டு வண்டியை விடுவித்தது. அது கரையேறி நின்றபோது, அது புதைந்திருந்த இடத்தில் வெள்ளம் சுழித்து ஓடியது.

"இந்தக் கிழவனாலதான் இவ்ளோ பேஜாரு" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமாம் சார்" என்றார் நைனா, வடத்தைச் சுருட்டிக்கொண்டே.

அந்தோணிக்கு வேலை நிரந்தரமாயிற்று. நைனாவுக்குப் பழியும் நிரந்தரமாயிற்று. வேலை கிடைப்பதற்காகத் தாமே பள்ளம் தோண்டுகிறவர் என்று சூப்பர்வைசர் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் பரப்பினார். முன்பின் அறியாத ஓட்டுநர்கள் அவரைக் கண்டால் சிரித்தார்கள். கூட்டம் போட்டு மறுக்கிறேன் என்று நான் துடித்தேன். "பேசாத கண்ணு. அந்தோணி சோத்துல மண்ணைப் போடாத" என்றார். எதிரணி எதுவாயினும் வாயடைக்காத நான், சில ஆண்டுகள் வாயடைத்திருந்தேன்.

அந்தோணி இப்போது வேறிடத்தில் நல்ல வேலையில் இருக்கிறார். எழுதுங்கள் என்று சொன்னவரே அவர்தான். ஆகவே இந்தப் பத்திரிகையின் வாசகர் அனைவர் முன்னிலையிலும் உரைக்கிறேன்: அந்த மனிதர் ஆற்றில் ஒருநாளும் பள்ளம் தோண்டியவர் இல்லை. ஆனால் ஒரு வேண்டுகோள். ஊத்துக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள். என்மேல் கோபித்துக்கொள்வார், அவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், எனக்கு மனம் தாங்காது.