அம்மாவோட சட்டிக்குப் போட்ட சட்டை

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ஈப்போ டவுனுக்குப் போயி குரோஷா நூல் வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

அது எம்பத்தி ரெண்டோ மூணோ வருசம். கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்துல பாலுக்கு மரம் வெட்டிக்கிட்டிருந்த எங்கம்மா, வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சி, எங்கூட ஈப்போவுக்கு வந்துட்டாங்க. அம்மா தூங்குனா நான் பின்னுவேன். அம்மா கூப்புட்டா ஊசியத் தூக்கிப் போட்டுட்டு ஓடுவேன். டீவிக்கு ஒரு சட்டை, ரேடியோவுக்கு ஒரு சட்டை, மேச வெசிறிக்கு ஒரு சட்டை. வீட்டுல சட்டையில்லாம திரிஞ்சது எங்க வீட்டுக்காரர் மட்டும்தான்.

கக்கூசு வீட்டுக்குப் பின்னால. அம்மாவால அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதனால கட்டிலுக்குக் கீழ ஒரு வெள்ள எனாமல் சட்டி வாங்கி வச்சேன். அம்மாவுக்கு ஒரே வெக்கம்.

"வாரவங்க போறவங்க பாத்தா என்னடி நெனப்பாங்க? யாருகிட்டயும் சொல்லிடாத. எம்மேல சத்தியம்!"

சத்தியம் பண்ணிட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம்ல? என் கை சும்மா இருக்குமா! அந்தச் சட்டிக்கும் ரோஸ் கலர்ல, சுத்தி முத்து வச்சி, ஜாலர் வச்சி ஒரு சட்டை பின்னிட்டேன். மூடிக்கும் சேத்து! நான் பின்னுனதுலயே அதுதான் ரொம்ப அழகு. என் புத்திய என்ன சொல்ல?

நூல் வாங்கப் போறப்ப, ரெண்டு வீடு தள்ளி இருக்குற பாக்கியம் அக்காகிட்ட, "அம்மாவக் கொஞ்சம் எட்டிப் பாத்துக்குங்கக்கா"ன்னேன்.

"மத்தியானம் மல்லிகாவுக்கு நிச்சயம், சிலிம் ரிவர்லருந்து மாப்பிள வீட்டுக்காரங்க வாராங்க. இருந்தாலும் பாத்துக்குறேன், நீ போ லா"ன்னாங்க. நல்ல மனசு.

நான் நூலோட திரும்பி வந்தா, கட்டிலுக்குக் கீழ சட்டியக் காணோம்.

"அம்மா, சட்டி எங்க?"

அம்மா சுவரப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. "பாக்கியம் வந்துச்சி. இது என்ன ஏனம்னு கேட்டுச்சி. எனக்கு வெக்கமாப் போச்சி. பழம் வைக்கிறதுன்னுட்டேன்."

"அப்புறம்?"

"பழம் வைக்கத்தான் வேணும்னு எடுத்துட்டுப் போயிடுச்சி."

அலாமாக்! ஓடுனேன்.

பாக்கியம் அக்கா வீட்டு ஹால்ல ஜனமான ஜனம். நடுவுல பாய் விரிச்சி வரிசையாத் தட்டு. பூ, வெத்தல பாக்கு, சேல, இனிப்பு. முன்னாடி நடு நாயகமா, ஆரஞ்சுப் பழம் கோபுரமா அடுக்கி, எங்கம்மா சட்டி! காலையிலதான் தேச்சிக் கழுவி, சட்டையையும் தொவச்சிப் போட்டேன். இருந்தாலும் அது அந்தச் சட்டிதான!

அக்காவ ஓரமா இழுத்தேன். "அக்கா, அந்தச் சட்டிய எடுத்துடுங்கக்கா!"

"எடுத்தா எட்டுத் தட்டு ஆயிடும்! ரெட்டப்படையில யாராச்சும் நிச்சயம் பண்ணுவாங்களா? ஒண்ணு கொறஞ்சிதேன்னுதான் அத எடுத்தாந்தேன்."

அதுக்குள்ள மாப்பிள்ளையோட அம்மா சட்டியத் தூக்கி மடியில வச்சிக்கிட்டாங்க. "என்னா அழகு! யாரு பின்னுனது?"

"எங்க மல்லிகாதான்!"ன்னாங்க பாக்கியம் அக்கா, கண்ணு கூட சிமிட்டாம.

மல்லிகாவுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது. ஆனா அப்ப அதப் பத்திப் பேச நேரமா?

"இத மடியிலயே வச்சி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்"ன்னாங்க அந்தம்மா. சிலிம் ரிவருக்கு! அப்ப ராத்திரிக்கு எங்கம்மா கதி? உண்மையச் சொன்னா நிச்சயமும் போச்சி, எங்கம்மா மானமும் போச்சி.

"அம்மா, அந்தச் சட்டி கொஞ்சம் ஒழுகும்"ன்னேன்.

"பழத்துக்கு ஒழுகுனா என்னம்மா?"

வீட்டுக்கு ஓடுனேன். ஊசி, நூல் போட்டு வைக்கிற பிஸ்கட் டின்னக் கட்டில்ல கொட்டுனேன். "சட்டி கெடச்சிச்சா?"ன்னாங்க அம்மா. "இருங்கம்மா!"ன்னு கத்திட்டு, வெறும் டின்னோட திரும்ப ஓடுனேன்.

"இதுல வச்சிக்குங்கம்மா, புது டின்னு."

"இதுவே நல்லாத்தான இருக்கு?"

வேற வழி தெரியல. "அது ராசியில்லாத சட்டிம்மா! அது வீட்டுக்கு வந்ததுலருந்து எங்கம்மா படுத்த படுக்க!"

ஒரு வார்த்த பொய் இல்ல, பாருங்க.

அந்தம்மா சுட்ட மாதிரி கைய எடுத்துட்டாங்க. பாக்கியம் அக்கா என்னைய மொறச்ச மொறப்பு இருக்கே! பழம் டின்னுக்கு மாறுச்சி. தட்டும் ஒம்போதாவே நின்னுச்சி. ஆனா அந்தம்மா சட்டையக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. "மருமக கையால பின்னுனதாச்சே, இது எனக்கு வேணும்."

"பழத்தக் கழுவிச் சாப்புடுங்கம்மா, மருந்து அடிச்சிருப்பான்!"ன்னு மட்டும் சொல்லிட்டு, சட்டிய முந்தானையில மூடிக்கிட்டு நழுவுனேன்.

வாசல்ல மாப்பிள வீட்டு வேன ஓட்டி வந்த சீனக் கிழவர் நின்னாரு. முந்தானை வெலகிடுச்சி. சட்டியப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, ஹால்ல டின்னுக்கு மாறுன பழத்தப் பாத்தாரு. ஐயோன்னு வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு. சீனக் கடையில எல்லாம் இது எதுக்கு விக்கிதுன்னு அவருக்குத் தெரியாதா? கையெடுத்துக் கும்புட்டேன். மனுசன் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. அவரு நல்லா இருக்கணும்.

வீட்டுக்குள்ள நொழஞ்சதும், "அம்மா, யாருக்கும் தெரியாது. உங்க மானத்தக் காப்பாத்திட்டேன்!"ன்னு பெருமையாச் சொன்னேன்.

"மானம் கெடக்கட்டும்டி, சட்டிய மொதல்ல கீழ வை! நீ டவுனுக்குப் போனதுலருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்!"

ரெண்டு மாசம் கழிச்சி மல்லிகா கல்யாணம் சிலிம் ரிவர்ல ஜாம் ஜாம்னு நடந்துச்சி. பந்தியில உக்காந்தேன். பாயாச வாளி வந்துச்சி, வாளியச் சுத்தி அதே ரோஸ் கலர் சட்டை, முத்து ஜாலரோட.

எனக்கு இனிப்பு ஒத்துக்காதுன்னுட்டேன்.