மாதா தள்ளுவண்டியில் போன சனிக்கிழமை

இரண்டு பிள்ளைகளை ஒரு நாள் முழுக்கத் தனியாகப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லும் ஆண்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிள்ளை இல்லாதவர்கள். மற்றது, சொல்லும் நேரத்தில் மனைவி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கும் ஆண்கள். நான் இரண்டாம் வகை. துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை. கப்பலையே நான்தான் இழுத்து வந்து கட்டுகிறேன் என்பதுபோல ஒரு நடை (அதெல்லாம் அந்த வயதில் இருக்கும்தானே).

ஒக்டோபர், செபமாலை மாதம். எங்கள் வட்டாரத்தில் அந்த மாதம் மாதாவின் சுரூபம், ஒரு முழ உயரச் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். மறுநாள் மாலை எல்லோரும் அங்கே கூடிச் செபமாலை சொல்லி, ரோல்ஸும் தேநீரும் முடித்து, பாட்டோடு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இதற்கெல்லாம் பொறுப்பு பிலோமினா அக்கா. அவர் கோயிலுக்குள் தொண்டையைச் செருமினால் சுவாமியே பிரசங்கத்தைச் சுருக்கிவிடுவார் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த குறுகிய ஒழுங்கையில் கத்தோலிக்க வீடு எங்களுடையது மட்டும்தான். அதனால் மாதா ஒவ்வொரு வருடமும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். என் மனைவி மெட்டில்டாவுக்கு அது பெரிய மனக்குறை. வருடா வருடம் கேட்பாள். "அந்த ஒழுங்கைக்குள்ள ஊர்வலம் திரும்ப இடமில்ல மெட்டில்டா. அங்க எங்கட ஆக்களும் இல்ல," என்பார் பிலோமினா அக்கா. கடைசியில் அந்த வருடம் அரைமனதாகச் சம்மதித்தார். "சரி, தாறன். ஏதும் பிழைச்சுதோ, பிறகு அந்த ஒழுங்கையப் பற்றி என்னோட கதைக்க வராதீங்க."

வெள்ளி இரவு மாதா வந்து சேர்ந்தார். மெட்டில்டா தன் கலியாணக் கூறைச் சேலையை மேசைக்கு விரித்து, அதன்மேல் சுரூபத்தை வைத்து, முன்னால் விளக்கும் ஏற்றிவிட்டு, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அதற்காக நான் மாதாவோடு போட்டி போடவும் இல்லை.

மெட்டில்டா நேர்ஸ். சனிக்கிழமை பகல் வேலைக்குப் போயே ஆகவேண்டும். "சுரூபத்தில யாரும் கை வைக்கப்படாது. பிள்ளைகள் நெருப்போட விளையாடப்படாது. நீங்க நித்திரை கொள்ளப்படாது," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சிரித்தேன். ஆறு வயது ஜெறோமும் நாலு வயது அனிட்டாவும் என்ன, கப்பலா?

மத்தியானம் சோறு கொடுத்தேன். கதை சொல்கிறேன் என்று பாயில் இருவரையும் இருபக்கமும் படுக்கவைத்தேன். கதை நன்றாக இருந்திருக்கவேண்டும், ஏனென்றால் நான் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது மேசையில் சேலை இருந்தது. விளக்கு எரிந்தது. மாதா இல்லை.

நான் கட்டிலுக்குக் கீழே தேடினேன். அலுமாரிக்குள் தேடினேன். அரிசி வாளிக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் வீட்டில் பிள்ளைகளும் இல்லை என்பது தெரிந்தது. (இந்த வரிசையை மெட்டில்டா இன்னும் மன்னிக்கவில்லை.) கதவு திறந்து கிடந்தது. மூலையில் நிறுத்தியிருந்த அனிட்டாவின் பழைய தள்ளுவண்டியையும் காணவில்லை. சாரத்தோடு, ஒரு காலில் செருப்போடு, ஒழுங்கைக்குள் ஓடினேன்.

முன் வீட்டுப் பரீதா உம்மா வாசலில் நின்றார். "மாதாவைக் கண்டீங்களா" என்று ஒரு முஸ்லிம் வீட்டில் எப்படிக் கேட்பது? பிள்ளைகளைக் கண்டீங்களா என்று கேட்டேன்.

"பாட்டுப் படிச்சிக்கிட்டு வந்தாங்களே தம்பி. நாங்க ஊட்டுக்குள்ள உருவம் வைக்கிறல்ல. ஆனா எங்கட குர்ஆன்லயும் வார மர்யம் அலைஹிஸ்ஸலாம்ட பேரச் சொல்லிக்கிட்டு வந்த புள்ளையள சும்மா அனுப்ப ஏலுமா? வாசல்ல வெச்சி சர்பத் குடுத்தேன். பொல்லாத வெயில், அதால வண்டிலுக்கு மேல பிடிக்கச் சொல்லி என்ட குடையையும் குடுத்தேன்."

குடை. ஊர்வலமாகவே போயிருக்கிறார்கள். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் விளங்கத் தொடங்கியது.

அடுத்தது சிவகாமி அன்ரி வீடு. யாழ்ப்பாணத்து மனிசி. நவராத்திரிக் காலம், வீடு முழுக்கச் சாம்பிராணி மணம். "இப்பத்தான் போகுதுகள். சாமியறைக்குள்ள சரஸ்வதிக்குப் பக்கத்தில கொஞ்ச நேரம் இருத்தினனாங்கள். குங்குமமும் வைச்சு விட்டனான்."

"யாருக்கு அன்ரி?" என்றேன். பதில் தெரிந்துதான் கேட்டேன்.

"மாதாவுக்குத்தான். நவராத்திரியில வீட்டுக்கு வந்த பொம்பிளைய வெறும் நெத்தியோட அனுப்பலாமே தம்பி?"

ஒழுங்கை முனையில் சோமா அக்காவின் அப்பக் கடை. பௌத்த சிங்களப் பெண். தமிழை உடைத்து உடைத்துப் பேசினாலும் அப்பத்தை உடையாமல் எடுப்பார். கடை வாங்கில் என் பிள்ளைகள் இருவரும் காலை ஆட்டிக்கொண்டு இருந்தார்கள். நடுவில் மாதா. நெற்றியில் ஐந்து சதக் காசளவில் குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம், பக்கத்தில் பூப்போட்ட குடை. அவர் முன்னால் பீங்கான் தட்டில் ஆவி பறக்க ஒரு வெள்ளை அப்பம்.

"மாத்தயா, பிள்ளைக்கு ஏச வேணாம்," என்றார் சோமா அக்கா. "எங்கட வீட்டுக்கு சாது வந்தா முதல்ல சாப்பாடு வைக்கிறது. அதுதான் அம்மாக்கும் வைச்சது."

நான் ஏசத்தான் வந்தேன். வாயைத் திறந்தும்விட்டேன். "ஏன்டா தூக்கிக்கொண்டு வந்தனீ?"

ஜெறோம் அப்பத்தை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னான். "பிலோமினா அன்ரிதானே அப்பா சொன்னவ, மாதா எல்லா வீட்டுக்கும் போவா எண்டு. இந்த வீடுகள விட்டுட்டாங்க."

"நெருப்புக் கொளுத்தேல்ல," என்றாள் அனிட்டா. "அம்மா கொளுத்த வேணாம் எண்டவ."

தங்களுக்குச் சொன்னதில் ஒன்றை அவர்கள் அப்படியே கடைப்பிடித்திருந்தார்கள். எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று.

வீட்டுக்குக் கொண்டுவந்து குங்குமத்தைத் துடைத்தேன். ஈரத்துணியால் துடைத்தால் பரவியது. தேங்காயெண்ணெய் பூசினால் இன்னும் பரவியது. பற்பசை போட்டு உரசியதும் மாதாவின் நெற்றி முழுக்கச் சிவந்துபோனது. எத்தனை வருடமாக ஆசைப்பட்டாள், ஒரே மத்தியானத்தில் கெடுத்துவிட்டேனே என்று உண்மையாகவே அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து மெட்டில்டா வந்து நின்றாள்.

பிள்ளைகள் எல்லாவற்றையும் போட்டி போட்டுச் சொல்லி முடித்தார்கள். மெட்டில்டா என் கையிலிருந்த துணியை மெல்ல வாங்கினாள். "விடுங்க. இன்னும் உரசினா மூக்கும் போயிடும்."

"சாம்பிராணிக் கரி பட்டதெண்டு சொல்லுவம்," என்றேன். மணித்தியாலக் கணக்காக யோசித்துக் கண்டுபிடித்த பொய் அது.

"சிவப்புக் கரியோ?" என்று கேட்டுவிட்டு உடுப்பு மாற்றப் போய்விட்டாள்.

ஆறு மணிக்குப் பிலோமினா அக்கா ஆட்களோடு வந்தார். நேராக மேசையடிக்குப் போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாதாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இது ஆர் செய்த வேலை?"

"என்ட பிள்ளைகள் அக்கா," என்றாள் மெட்டில்டா. குரல் கொஞ்சமும் தாழவில்லை. "மாதா எல்லா வீட்டுக்கும் போவா எண்டு நீங்க சொன்னத நம்பி, ஒழுங்கை முழுக்கக் கொண்டு போயிருக்குதுகள். ஒரு வீட்டிலயும் ஒருத்தரும் வேணாம் எண்டு சொல்லேல்ல. இது பிழையெண்டா அடுத்த வருசம் எங்களுக்குத் தர வேணாம்."

அடுத்த வருடத்தை அவள் அப்படி எடுத்து மேசையில் வைத்தது எவ்வளவு பெரிய விலை என்று எனக்குத்தான் தெரியும். அந்தக் கணத்தில் அவளைப் போல ஒரு தைரியசாலியை நான் கண்டதில்லை, இன்றுவரைக்கும் கண்டதில்லை. ஒரு கப்பல் கம்பனி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பிலோமினா அக்கா பதில் சொல்வதற்குள் வாசலில் சத்தம். சிவகாமி அன்ரி ஒரு சட்டி அவித்த கடலையோடு நின்றார். பின்னால் சோமா அக்கா, கூடை நிறைய அப்பத்தோடு. பரீதா உம்மா சர்பத் ஜக்கோடு வாசற்படியில் நின்றுகொண்டார். ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் ரோல்ஸ் இருக்கிறது, எல்லோரும் வரவேண்டும் என்று ஜெறோம் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். செபம் இருக்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிட்டான்.

பிலோமினா அக்கா கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். எனக்கு உயிர் போய் வந்தது.

"மாதாவுக்கு எங்கட ஆக்களவிட இந்த ஒழுங்கையிலதான் சினேகிதர் கூடப் போல," என்றார். பிறகு பரீதா உம்மாவுக்கு ஒரு கதிரை எடுத்து வாசற்படியில் போடச் சொன்னார். "கால் நோகும். செபமாலையில அம்பத்திமூண்டு மணி, மணிக்கொரு செபம், லேசில முடியாது."

அடுத்த வருடம் மெட்டில்டா கேட்கவே இல்லை. பிலோமினா அக்காவே வந்து நாள் சொன்னார். சில வருடம் கழித்துச் சுரூபத்துக்குப் புது வர்ணம் பூசினார்கள். நெற்றியில் மட்டும் தொடக்கூடாது என்று அவர் பூசுகிறவரின் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாராம். அந்த இளஞ்சிவப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வட்டாரத்தில் அந்தச் சுரூபத்துக்குப் பெயர் பொட்டு மாதா.

அனிட்டா இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளின் தாய். மத்தியானம் நான் சாய்மனைக் கதிரையில் சரியும் நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக்குப் போன் எடுப்பாள். மெட்டில்டா எடுத்ததும் முதல் கேள்வி, "அம்மா, மாதா வீட்டில இருக்கிறாவா?"

மெட்டில்டா என் பக்கம் திரும்பி ஒருதரம் பார்ப்பாள்.

"அவ இருக்கிறா பிள்ளை. காவலுக்கு விட்டவர்தான் நித்திரைக்குப் போயிட்டார்."