சொல்லழகரின் அறுபத்திரண்டு பெட்டிகள்

விற்பவர்களில் எத்தனையோ வகை உண்டு. கூவி விற்பவர், கெஞ்சி விற்பவர், மிரட்டி விற்பவர், "உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லி விற்பவர். இவர்கள் இருக்கட்டும். இன்று நாம் பார்க்கப்போவது எதையுமே விற்காமல், காலை முதல் மாலை வரை வேர்க்க விறுவிறுக்க வியாபாரம் செய்யும் ஓர் அபூர்வப் பிறவியை. அவரிடம் ஒரு வெப்சைட் இருக்கும். அந்த வெப்சைட்டுக்கு ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக இழுத்துவரும் தேடுசொல் ஒன்று, ஒரே ஒரு சொல், எங்கேயோ தனக்காகவே ஒளிந்து கிடக்கிறது என்று நம்புவார். சாப்பிடும்போது கையைப் பாதியில் நிறுத்தி, விட்டத்தைப் பார்த்து "ஆ!" என்பார். பல்லில் கல் கடிபட்டதோ என்று வீட்டார் பதறுவார்கள். கல் இல்லை. சொல் கிடைத்துவிட்டது.

நமது ஆளுக்கு மச்சான் வைத்த பெயர் சொல்லழகர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்துகொண்டிருக்கிறார். அவர் விற்பது நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டும் ரப்பர் புஷ். மாட்டினால் நாற்காலி சத்தம் போடாது, தரையில் கீறல் விழாது. நல்ல சரக்கு. அதில் குறையே சொல்ல முடியாது. குறை என்னவென்றால், அறுபத்திரண்டு பெட்டி நல்ல சரக்கு வீட்டின் சின்ன அறையில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கிக் கிடந்தது. நான்கு மாதமாக அதில் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை.

அந்த அறைக்குத்தான் மாமனார் வரப்போகிறார். முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மச்சான் வீட்டில் லிஃப்ட் கிடையாது, இங்கே உண்டு. தபால் ஆபீசில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் மனைவி, கவுண்டரில் பேசுகிற அதே குரலில் அறிவித்தாள்.

"இருபத்தஞ்சாம் தேதி அப்பா வர்றாரு. அதுக்குள்ள ரூம் காலியாகணும். இல்லேன்னா பெட்டி எல்லாம் காயலான் கடைக்கு, நீங்க என் தம்பி குடோனுக்கு."

மச்சான் குடோனில் சொல்லழகருக்கு ஒரு வேலை எப்போதும் காத்திருந்தது. வாசலில் நின்று லாரி நம்பர் எழுதுவது. யோசித்துப் பாருங்கள், சொல்லையே ஆளப் பிறந்தவர் நம்பர் எழுதுவதா? நெஞ்சு வெடித்துவிடாதா? நாள்காட்டியில் இருபத்தைந்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். இன்னும் மூன்று வாரம்.

முதல் வாரம் அழகான சொற்களின் வாரம். 'ரப்பர் புஷ்' என்பது ஒரு சொல்லா? இருமல் மாதிரி இருக்கிறது. ஆகவே 'தரைநட்பு ஒலித்தணிப்புப் பாதுகை' என்று எழுதினார். 'பிரீமியம் ஃபர்னிச்சர் அமைதித் தீர்வுகள்' என்று எழுதினார். எழுதியதை உரக்கப் படித்து, தன் குரலில் தானே சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அப்படி ஒன்றை இந்த உலகத்தில் யாராவது தேடுவார்களா என்று கேட்காதீர்கள். தேடவேண்டும். தேடாவிட்டால் அது உலகத்தின் குற்றம்.

பிறகு சோதனை நடக்கும். தன் போனில் தன் சொல்லைத் தானே தட்டுவார். முதல் இடத்தில் தன் கடை! ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதே கடைக்குப் போகிற மனிதருக்கு வேறு எதைத்தான் அந்தப் போன் காட்டும்? இதெல்லாம் அவர் காதில் ஏறாது. நாற்காலியைக் 'க்ர்ர்ர்ரீச்' என்று பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்வார். அப்புறம் மனைவி போனில் ஒரு தடவை, அக்கா போனில் ஒரு தடவை. பல் டாக்டர் வீட்டில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களையும் விடவில்லை.

"சார், ஒரு நிமிஷம் உங்க போனைக் குடுங்களேன்."

"ஏன், அவசரமா யாருக்காவது பேசணுமா?"

"இல்ல சார், நான் மொதல்ல வர்றேனான்னு பாக்கணும்."

"உங்களுக்கு முன்னாடி நாலு பேரு இருக்காங்க," என்றார் வீங்கின கன்னத்துக்காரர்.

சாயங்காலம் மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கணக்கு காட்டப்படும். "இன்னிக்கு நாப்பத்தி மூணு விசிட்டர்! ஒவ்வொருத்தரும் எவ்வளவு நேரம் இருந்திருக்காங்க பாரு. சராசரி பதினஞ்சு நிமிஷம். ஆழ்ந்து படிக்கிறாங்க!"

"எந்த ஊர்லேர்ந்து வந்தாங்க?"

"எல்லாருமே நம்ம ஊரு. உள்ளூர்ல நமக்கு அவ்வளவு மதிப்பு!"

"நான் இன்னிக்கு முந்நூறு பார்சல் அனுப்பினேன். அதுல ஒண்ணுகூட உங்களுது இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி முன்னுக்கு வருவது?

இரண்டாம் வாரம் சொல்லழகர் அழகை விட்டுக் கூட்டத்தைப் பிடித்தார். ஜனங்கள் அதிகம் தேடுவது எதை? தேர்வு முடிவு. தங்கம் விலை. மணமகன் தேவை. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து வெப்சைட்டின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, யார் கண்ணுக்கும் தெரியாமல் நிரப்பினார். ஒளித்துவைத்த கையோடு எதிர்வீட்டுக்காரர், இஸ்திரிக்காரர், லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர் எல்லோரிடமும் இந்த ரகசியத்தைச் சொல்லியும் விட்டார்.

பலித்தது! போன் அலறியது. முதல் அழைப்பே ஒரு மாணவன். "அண்ணா, என் ரிசல்ட் எங்கண்ணா இருக்கு? நாற்காலி நாற்காலியா வருது." அடுத்து ஒரு கனத்த குரல். பெண்ணைப் பெற்றவர்.

"பையன் என்ன பண்றாரு?"

"சார், இது ரப்பர் புஷ் விக்கிற கடை."

"சொந்தத் தொழிலா? நல்லது. தம்பிக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தொண்ணு."

"ஏன் தம்பி இவ்வளவு நாள் பண்ணிக்கல?"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி போனை வாங்கி, "பண்ணிக்கிட்டாருங்க. நான்தான் அவஸ்தைப்படுறேன்," என்று சொல்லி வைத்தாள். அன்று எழுநூறு பேர் வந்தார்கள், எழுநூறு பேரும் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். சொல்லழகர் அதைக் கொண்டாடினார். கொண்டாட்டம் என்றால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதும், ஹாலை ஒரு சுற்று சுற்றுவதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதும், எண் ஒன்று கூடினால் மறுபடி எழுவதும்.

நிற்க. 'இவர் நாற்காலிக்கு ரப்பர் புஷ் இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். அதெப்படி இருக்கும்? அது விற்பனைக்கு வைத்த சரக்கு. பெட்டியை உடைத்தால் ஸ்டாக்கில் நான்கு குறையாதா?

இருபதாம் தேதி மத்தியானம் அழைப்புமணி அடித்தது. சனிக்கிழமை, மனைவியும் வீட்டில் இருந்தாள். வாசலில் கீழ்வீட்டு நர்ஸம்மா நின்றிருந்தார். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் விழித்து, பகலில் தூங்குகிறவர். தூங்க வேண்டியவர். கண்ணிரண்டும் சிவந்து, தலைமுடி நாலு திசைக்கும் நாலாக நின்றது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு மாசமா நான் தூங்கல. உங்க வீட்ல அந்த நாற்காலி... சண்டைக்கு வரக் கூடாதுன்னு எவ்வளவோ பொறுத்துப் பாத்தேன். போன்ல தேடாத தேடலு இல்ல. நீங்களே பாருங்க."

போனை நீட்டினார். அதில் அவர் தட்டிய தேடல்கள் வரிசையாக நின்றன. 'மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் என்ன செய்வது.' 'மேல் வீட்டுக்காரரிடம் சண்டை போடாமல் சத்தத்தை நிறுத்துவது எப்படி.' 'ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாற்காலியை விட்டு எழுவார்.' கடைசியாக, 'வாடகைக்கு வீடு, மேல் மாடி மட்டும்.'

சொல்லழகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அது வேறு வருத்தம்.

"ஏம்மா, தரைநட்பு ஒலித்தணிப்புப் பாதுகைன்னு தேடியிருக்கலாமே?"

"அப்படீன்னா?"

"சரி, ரப்பர் புஷ்னாவது?"

"அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? தெரிஞ்சிருந்தா என் காசுல வாங்கி உங்க நாற்காலிக்கு நானே மாட்டிட்டுப் போயிருப்பேனே!"

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, பெட்டிகள் இருந்த அறைக் கதவைத் திறந்து காட்டிவிட்டு, கண்ணில் நீர் வழியச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸம்மா அறுபத்திரண்டு பெட்டிகளையும் அவற்றின்மேல் ஒட்டியிருந்த நாற்காலிக் கால் படத்தையும் பார்த்தார். அழுவதா அடிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலேயே மருந்தை அடுக்கி வைத்துக்கொண்டு ஒருவன் இரண்டு மாதம் நோயை மட்டும் கீழே அனுப்பிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தெரியும்?

மனைவி நர்ஸம்மாவை உட்காரவைத்து முதல் பெட்டியை உடைத்தாள். வீட்டு நாற்காலிகளுக்கெல்லாம் புஷ் மாட்டினாள். பிறகு நர்ஸம்மா போனில் இருந்த வரிகளை ஒரு எழுத்து மாற்றாமல் வெப்சைட்டில் ஏற்றினாள். தரைநட்பை நீக்கினாள். தங்கம் விலையை நீக்கினாள். மணமகனையும் நீக்கினாள். "இவ்வளவு நீளமா எவனாவது தேடுவானா? இது சாஸ்திரத்துக்கே விரோதம்!" என்று சொல்லழகர் பின்னாலேயே புலம்பிக்கொண்டு நடந்தார். அவர் நடந்தால் பரவாயில்லை, உட்கார்ந்து எழாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு ஆர்டர். மத்தியானம் முப்பது. செவ்வாய்க்கிழமை எண்ணுவதை விட்டுவிட்டார்கள். பார்சல் கவுண்டரில் உட்கார்ந்திருந்த மனைவிதான் விசித்திரத்தைக் கவனித்தாள். பணம் கட்டுகிறவர் முதல் மாடி, பார்சல் போகிற விலாசம் இரண்டாம் மாடி. பணம் கட்டுகிறவர் மூன்றாம் மாடி, விலாசம் நான்காம் மாடி. வாங்கிய ஒருவர்கூடத் தன் வீட்டு நாற்காலிக்கு வாங்கவில்லை! 'கிஃப்ட் பேப்பரில் சுற்றி, அன்புடன் என்று எழுதி அனுப்பவும்' என்றார் ஒருவர். 'அன்புடன் வேண்டாம், புஷ் மட்டும் போதும்' என்றார் இன்னொருவர். நாற்காலியை இழுக்கிறவனுக்குச் சத்தமே கேட்பதில்லை. நான்கு மாதமாகச் சொல்லழகர் அவனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் கடைசிப் பெட்டி போயிற்று. அறை துடைக்கப்பட்டுக் கட்டில் போடப்பட்டது. இருபத்தைந்தாம் தேதி மாமனார் வந்தார். மச்சானும் கூட வந்தான்.

"என்ன மாமா, குடோன் வேலை வேண்டாமா?"

"நானா? தேடுசொல் சாஸ்திரத்துல நான் ஒரு புது வழி கண்டுபிடிச்சிருக்கேன் மச்சான். வாங்கறவன் வாயிலேர்ந்தே சொல்லை எடுக்கணும். யாருக்கும் இன்னும் தெரியாது," என்றார் சொல்லழகர். மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அறை காலியானதே அவளுக்குப் போதும்.

மாமனார் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். நிம்மதியாகக் கண்ணை மூடினார். 'க்ர்ர்ர்ரீச்.'

எல்லோரும் சொல்லழகரைப் பார்த்தார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார். மறுபடி 'க்ர்ர்ர்ரீச்.' சத்தம் கூரையிலிருந்து வந்தது. மேல்வீடு!

"மாப்ளே, என்ன இது? ராத்திரி பகலா இப்படித்தானா?"

"இருங்க மாமா, ஒரு நிமிஷம்." சொல்லழகர் பதறிப்போய்ப் போனை எடுத்தார். அந்தப் பதற்றத்தில் சாஸ்திரம் எல்லாம் பறந்துவிட்டது. 'மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் என்ன செய்வது' என்று தட்டினார்.

முதல் இடத்தில் வந்தது அவருடைய கடைதான். ஆசை ஆசையாகத் திறந்தார். மனைவி நேற்று சாயங்காலம் போட்ட பெரிய சிவப்பு எழுத்து திரையை அடைத்துக்கொண்டு நின்றது: 'மன்னிக்கவும். சரக்கு தீர்ந்துவிட்டது.'

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். நேற்று நீங்கள் போட்ட படத்தைப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்களே, அதில் எட்டுப் பேர் யார்? உங்கள் பெயரை நீங்களே தட்டிப் பார்த்து, முதலில் வந்ததும் ஒரு புன்னகை புரிந்தீர்களே, அப்போது பக்கத்தில் யாரும் இல்லை என்றா நினைத்தீர்கள்? சரி, வெட்கப்பட வேண்டாம். படித்து முடித்தாயிற்று, எழுந்திருங்கள். ஆனால் அந்த நாற்காலியைக் கொஞ்சம் தூக்கி நகர்த்துங்கள். கீழே ஒருவர் உங்களைப் பற்றித்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.