மாமனாரின் ஸ்கோப்பும் முழு இன்ஷூரன்ஸும்

ஒரு பொருள் எனக்குப் பிடித்துப்போய்விட்டால் அதை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொள்வேன். அந்தப் பொருள் உருப்படாமல் போக அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. என் அக்கறையிலேயே உயிரைவிட்ட கைக்கடிகாரம், டேப்ரெக்கார்டர் எல்லாம் உண்டு. அவையாவது என் சொந்தப் பொருட்கள். ஒரே ஒரு முறை அடுத்தவர் பொருள் என் அக்கறையில் மாட்டியது. அந்த அடுத்தவர் அடுத்து வந்த தை மாதம் எனக்கு மாமனார் ஆகவேண்டியிருந்தவர்.

அப்போது வேப்பந்தட்டையில் கூட்டுறவு சங்கத்தில் வேலை. கல்யாணம் நிச்சயமாகி, தரையில் கால் படாமல் திரிந்துகொண்டிருந்தேன். பெண் வீடு அரியலூர். மாமா கலியமூர்த்தி சிமெண்ட் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரைபிள் கிளப்பில் உறுப்பினர், குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். அவர் சும்மா 'வாங்க' என்று சொன்னாலே எனக்குக் கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு மரப்பெட்டியைத் திறந்து, வெல்வெட் துணிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு குழாயை எடுத்தார். ரைபிள் மேல் மாட்டுகிற ஸ்கோப். ஜெர்மன் சரக்கு.

"இது துப்பாக்கியோட கண்ணுங்க மாப்பிள்ளை. பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஊருக்கு வெளியே குச்சி போல நின்ற ஆலைப் புகைபோக்கி ஒரே தாவலில் என் மூக்குக்கு முன்னால் வந்துவிட்டது. அதில் இரும்பு ஏணி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஏணியின் பாதியில் ஒருவர் நின்று, தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு தூரத்தில், அவ்வளவு உயரத்தில், தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் ஒரு மனிதர் கழுத்தைத் துடைக்கிறார். அந்தத் துண்டின் கரை என்ன நிறம் என்று அரியலூர் மாடியில் நின்று நான் சொல்வேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெண் பார்த்த அன்றுகூட இப்படி ஆகவில்லை (இந்த வரியை வீட்டில் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்).

"ஓரத்துல பூஞ்சை புடிச்சிருக்கு. மெட்ராசுக்கு அனுப்பி சுத்தம் பண்ணணும். மார்கழியில மேட்ச். ரெண்டு வருஷமா அதுக்குத்தான் பிராக்டீஸ் பண்றேன். எந்தப் பார்சல்காரனை நம்பிக் குடுக்கறதுன்னு தெரியல."

வாய் சும்மா இருந்திருக்கலாம். "பெரம்பலூர் பார்சல் ஆபீஸ்ல தங்கராசு அண்ணன்தான் மேனேஜரு மாமா. நம்ம ஆளு. நான் பாத்துக்கறேன்."

"முழு மதிப்பையும் எழுதி இன்ஷூரன்ஸ் போட்டுடுங்க. பழைய துணின்னு எழுதிடாதீங்க."

(அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பார்சலில் எது போனாலும் 'பழைய துணி' என்றுதான் எழுதுவார்கள். பட்டுப்புடவை பழைய துணி. மிக்சி பழைய துணி. உண்மையான பழைய துணியை யாரும் அனுப்பியதாகத் தெரியவில்லை.)

எனக்கு லீவு கிடைத்தது ஆயுத பூஜை அன்று. பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் பெரம்பலூர் வந்து இறங்கினால், பார்சல் ஆபீஸ் வாசலில் வாழைக்கன்று, மாவிலை. எடை மெஷினுக்கு மாலை. தள்ளுவண்டிக்குச் சந்தனம். சீல் வைக்கிற சுத்தியலுக்குக்கூட நெற்றி நிறையக் குங்குமம்.

"இன்னைக்கு புக்கிங் கெடையாது. உங்களுக்காகப் போடறேன். என்ன சாமான்?" என்றார் தங்கராசு அண்ணன்.

"துப்பாக்கி…" என்று ஆரம்பித்ததும் அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"துப்பாக்கி இல்லீங்கண்ணே. அதோட கண்ணு."

முழு இன்ஷூரன்ஸ் என்றால் பொருளைப் பிரித்துக் காட்ட வேண்டும். காட்டினேன். ஆளுக்கொரு தடவை கண்ணில் வைத்து மேற்கே பச்சைமலையைப் பார்த்தார்கள். பார்த்தவர் யாருக்கும் அடுத்தவரிடம் கொடுக்க மனசு வரவில்லை. மூட்டை தூக்குகிற பெரியசாமி மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்குப் போற பாதைங்க. ஆடு போவுது" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஆபீஸே கோயில் மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் எனக்குள் அந்த அக்கறை எழுந்தது. சுத்தியலுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பசை டப்பாவுக்கு வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை நாளில் ஓர் அசல் ஆயுதத்தின் கண் வந்திருக்கிறது, அதை வெறும் முகத்தோடு ஊருக்கு அனுப்புவதா? அதுவும் மாமாவின் மேட்ச் இதை நம்பி இருக்கும்போது?

எடுத்துப் பூஜை மேசையில் வைத்தேன். மூன்று விரலால் சந்தனம் எடுத்துக் குழாயில் பட்டை போட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பொட்டு முகத்தில் அல்லவா வைக்க வேண்டும்? இதற்கு முகம் எது என்று பார்த்தேன். இரண்டு பக்கமும் முகமாகத் தெரிந்தது. முன் லென்ஸின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். பின் லென்ஸுக்கும் அதே மரியாதை. தங்கராசு அண்ணன் சூடம் காட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வைத்த பொட்டைத் துடைக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அப்படியே பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டி, சீல் வைத்து, முழு மதிப்புக்கு இன்ஷூரன்ஸ் போட்டு அனுப்பிவிட்டேன்.

சில நாளில் மாமாவின் போன் வந்தது. குரல் சரியில்லை. மெட்ராஸ் மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, 'ரெண்டு லென்ஸ்லயும் செவப்பா என்னமோ பஞ்சோட சேந்து காஞ்சு போயிருக்கு, நான் தொடமாட்டேன், இன்ஷூரன்ஸ்காரங்க பாக்கட்டும்' என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"செவப்பாவா? வெத்தலை எச்சில் மாமா" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல். "லாரியில எவனோ துப்பியிருக்கான். விடக்கூடாது."

சத்தியமாக எனக்குப் பொட்டு ஞாபகமே வரவில்லை. பொட்டு எப்படி அழுக்காகும்?

சேதத்தைப் பார்க்கத் திருச்சியிலிருந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் அம்மா வந்தார். பார்சல் ஆபீஸில் மாமாவும் நானும் தங்கராசு அண்ணனும். எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியது நான்தான். ஒரு மனிதரின் இரண்டு வருட உழைப்பில் எச்சில் துப்பியிருக்கிறீர்கள் என்றேன். மாமா என்னைப் பெருமையோடு பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சர்வேயர் அம்மா பெட்டியைத் திறந்து, குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

"சந்தனம். மேல குங்குமம்" என்றார். "ரெண்டு பக்கமும் நடு சென்டர்ல வச்சிருக்கு. யாரோ ரொம்பப் பொறுமையா வச்சிருக்காங்க."

தங்கராசு அண்ணன் என்னைப் பார்த்தார். பெரியசாமி என்னைப் பார்த்தார். கடைசியாக மாமா பார்த்தார்.

"தீ இருக்கு, திருட்டு இருக்கு, வெள்ளம், கலவரம், லாரி கவுந்தா அதுவும் இருக்கு. பக்தி இதுல இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பேனாவை மூடினார்.

அரியலூர் பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். கல்யாணம் அவ்வளவுதான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். பாதி வழி வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"சூடம் காட்டுனீங்களா?"

"காட்டுனோம் மாமா."

"தேங்கா?"

"ஒடைச்சோம் மாமா."

"அப்ப ஒரு கொறையும் வைக்கல" என்றார்.

சந்தனத்தைத் துடைத்தார்கள், ஆனால் குங்குமம் உரசி லென்ஸின் மேல்பூச்சு நடுவில் வட்டமாகப் போய்விட்டது. மார்கழி மேட்சுக்கு மாமா ஸ்கோப் இல்லாமலே போய், வெறுங்கையோடு திரும்பினார். அன்று அவர் ரைபிளைத் துடைத்து உறையில் போட்டதை வாசலில் நின்று பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. ஆனாலும் தை மாதம் எனக்குப் பெண்ணைக் கொடுத்தார்.

என் மனைவி மங்கை அந்தப் பொட்டை மறக்கவிடுவதில்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மிக்சிக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்த கையோடு என்னிடம் வந்து, "கண்ணாடியக் கழட்டுங்க" என்பாள். இரண்டு சில்லிலும் பொட்டு வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். சாப்பாடு முடியும்வரை நான் அதைத் துடைக்கக்கூடாது.

மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வருஷம் திருச்சியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். நாங்கள் இருவரும் கூடப் போயிருந்தோம். நர்ஸ் பெண் வந்து, "பயப்படாதீங்க தாத்தா, பழச எடுத்துட்டுப் புது லென்ஸ் வைப்போம். தியேட்டர் வாசல் வரைக்கும் வீட்டுல ஒருத்தர் கூட வரலாம்" என்றாள்.

நான் எழுந்தேன். மாமா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"மங்கை, நீ வாம்மா. மாப்பிள்ளை இங்கயே இருக்கட்டும்."

"ஏன் தாத்தா, அவரு வரட்டுமே?" என்றாள் நர்ஸ்.

"புது லென்சும்மா" என்றார் மாமா. "கும்புட்டுருவாரு."