முழங்காலுக்குக் கீழே

காகிதத்தில் செய்த ஜட்டிக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று நெவில் டிராஸ்க்குக்குத் தெரியவில்லை. கேட்கவும் வெட்கம். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கடைக்காரி ஜசிந்தா அவருடைய மகளைவிட நாலைந்து வயதுதான் பெரியவள்.

"நெவில், ஆச்சா?"

"இதோம்மா."

ஏதோ ஒரு பக்கத்தை முன்பக்கம் என்று முடிவு செய்து மாட்டிக்கொண்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தார். அறையின் நடுவில் டெலிபோன் பூத்துக்கும் குளியலறைக்கும் பிறந்த பிள்ளை போல ஒரு கூண்டு நின்றது. உள்ளே ஒரு கம்பம். கம்பத்தில் மூன்று சிறிய குழல்கள். தரையில் வெள்ளைக் கோட்டில் பாதங்கள் வரைந்திருந்தன.

"இதுக்குள்ள என்ன நடக்கும்?"

"இந்தக் குழல் மூணும் மேலயும் கீழயும் போய், தோலைப் பழுப்பாக்குற திரவத்தைப் பனி மாதிரி அடிக்கும். மிச்சத்தைப் பின்னால இருக்கிற ஃபேன் இழுத்துக்கும். முடிஞ்சதும் சூடா காத்து வந்து காய வைக்கும்."

நெவிலின் முகம் தெளிந்தது. "பால் கறந்ததுக்கு அப்புறம் மாட்டு மடிக்கு நாங்க அயோடின் அடிப்போம். அதே சமாசாரம்."

"கிட்டத்தட்ட அதேதான். மாடு அசையாம நிக்கும், நீங்க திரும்பணும், அவ்வளவுதான் வித்தியாசம்."

"மாடு அசையாம நிக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

ஜசிந்தா சிரித்தாள். பிறகு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் முட்டிக்கும் இந்தக் கிரீமைத் தடவ வேண்டும். இல்லாவிட்டால் அங்கே மட்டும் நிறம் அள்ளிக்கொள்ளும். கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு குரல் வரும். அது சொல்லும்போதெல்லாம் தரையில் இருக்கும் பாதங்களைப் பார்த்துத் திரும்ப வேண்டும், நாலு பக்கமும். கடைசியாக, "காதுல மெஷின் போட்டிருக்கீங்களே, அதைக் கழட்டிடுங்க. ஈரம் பட்டா வீணாயிடும்" என்றாள்.

நெவில் கழற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இத்தனைக்கும் காரணம் ரெக்ஸ். மகள் டாம்சின் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அப்பா. இன்வர்லாக் கடற்கரையில் நீந்துகிறவர்களைக் காப்பாற்றும் சங்கத்துக்குத் தலைவர். வாழ்நாள் பாதியை அரைக்கால் சட்டையில் மணலிலேயே கழித்தவர். உச்சந்தலையிலிருந்து கட்டைவிரல் வரை ஒரே சீராக, அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி இருப்பார். நெவிலோ மாடு வைத்திருக்கிறவர். முகம் பழுப்பு, கழுத்து பழுப்பு, முழங்கை வரை பழுப்பு. மற்றபடி ரப்பர் பூட்ஸுக்கும் மேலங்கிக்கும் உள்ளே இருந்த சரக்கு கல்யாணமான நாளிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

கல்யாணம் கடற்கரையில். ஆண்கள் எல்லோரும் வெறுங்காலோடு, கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு நிற்க வேண்டுமாம். போன மாதம் ரெக்ஸ் வீட்டு பார்பிக்யூவில் அதை ஒத்திகை பார்த்தார்கள். நெவில் மடித்துவிட்டு நின்றதும் ரெக்ஸ் கையில் இருந்த பீரோடு குனிந்து பார்த்து, "நெவில், வெள்ளை சாக்ஸைக் கழட்ட மறந்துட்டியேப்பா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை. டாம்சினும் சிரித்தாள். அதுதான் நெவிலுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இந்தக் கால்களோடு கல்யாணப் படத்தில் நின்றால் அவள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் சுவரில் தொங்கிக்கொண்டு அந்தச் சிரிப்பை வாங்க வேண்டும். சனிக்கிழமை கல்யாணம். டிராக்டருக்கு டயர் பார்க்கப் போகிறேன் என்று மனைவி கோரலிடம் சொல்லிவிட்டு வியாழக்கிழமை மதியம் வொன்தாகி ஊரில் இருக்கும் இந்தக் கடைக்கு வண்டியை விட்டார்.

கூண்டுக்குள் அந்தக் குரல் வந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாது. கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, கைகளைச் சற்று விரித்து, எதற்கும் அசையாமல் நின்றார். மார்பில் குளிர்ந்த பனி அடித்தது. நின்றது. மறுபடி மார்பிலேயே அடித்தது. நின்றது. மறுபடியும். நல்ல தாராளமான கடை என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது முன்பக்கம் தங்க நிறத்தில் மின்னியது. துண்டைத் தோளோடு போர்த்தியிருந்ததால் பின்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. ஜசிந்தா ஏதோ சொன்னாள். நெவில் தலையாட்டினார். அவள் கையை ஆட்டி, முக்கியமான விஷயம் போல மறுபடி சொன்னாள். நெவில் முக்கியமாகத் தலையாட்டினார்.

மாலை கறவைக்கு நேரமாகிவிட்டது. கொட்டகையில் வியர்வை வழிய, பூட்ஸுக்குள் பழுப்புத் தண்ணீர் இறங்கியது. வீட்டுக்கு வந்து வழக்கம்போலக் குளித்தார். தங்க நிறம் முழுவதும் சுழித்துக்கொண்டு வடிகாலுக்குள் போவதைப் பார்த்தபடியே நின்றார். கால்கள் மறுபடி பழைய கால்கள்.

கொஞ்ச நேரத்தில் கோரல் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன இது? இந்தத் துண்டுலயா கன்னுக்குட்டியைத் துடைச்சே?"

"டயர் கடையில..."

"நெவில்."

அவர் உண்மையைச் சொன்னார். கோரல் சோபாவில் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கழுவினா போற நிறத்தை விக்கிறவளும் இருக்கா, வாங்குறவனும் இருக்கான். டாம்சின் அறையில அவ விட்டுட்டுப் போன, தோலைப் பழுப்பாக்குற நுரைக் குப்பி ஒண்ணு இருக்கு. சட்டையைக் கழட்டு."

குப்பியின் பின்னால் இருந்த எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கோரலின் மூக்குக்கண்ணாடி எங்கேயோ. நேரம் குறைவாக இருப்பதால் அளவைக் கூட்டினாள். முன்பக்கம் கையாலேயே தேய்த்தாள். முதுகுக்கு வந்ததும், "அடக் கடவுளே, இங்க தொடவே இல்லையே" என்று போய் பெயிண்ட் உருளையை எடுத்து வந்தாள்.

"நான் என்ன வேலியா?"

"வேலி வாயை மூடிட்டு நிக்கும்."

வெள்ளிக்கிழமை காலை நெவில் கண் விழித்தபோது, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் யாருடையது என்று ஒரு கணம் யோசித்தார். தேக்கு மேஜைக்கு வார்னிஷ் அடித்த நிறம். முதுகு, கோரல் எட்டிப் பார்த்துச் சொன்னபடி, வரிவரியாக இருந்தது. முட்டிகள் கேரட். கோரல் வாயைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினாள். அப்போதுதான் தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தாள். அவையும் கேரட்.

ஜசிந்தாவுக்குப் போன் போட்டார்கள். நெவில் காது மெஷினை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"மேல வேற எதுவும் பூசாதீங்கன்னு நான்தான் அவ்வளவு சொன்னேனே. நேத்து வழிஞ்சு போனது நிறமே இல்லை. எங்க அடிச்சிருக்கு, எங்க விட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியறதுக்காகக் கலந்திருக்கிற மை. நிஜ நிறம் அதுக்கு அடியில மெதுவா வரும், விடிய விடிய. அதுக்குள்ள நீங்க நாலு தடவையும் முன்பக்கமே வாங்கிக்கிட்டு, அதுமேல நுரையும் போட்டு..."

"சோப்பு போட்டா போகுமா?"

"அது சாயம் இல்லை நெவில். சர்க்கரையிலேர்ந்து எடுக்கிற சரக்கு. ரொட்டியைச் சுட்டா மேல பழுக்குதில்லையா, அந்த மாதிரி உங்க மேல்தோல் பழுத்திருக்கு. தோல் உதிர்ந்தாத்தான் போகும். வெந்நீர்ல ஊறிட்டு, எலுமிச்சையும் ஆப்பச் சோடாவும் வச்சு மெல்லத் தேயுங்க. மெல்ல."

மெல்ல என்ற சொல் டிராஸ்க் குடும்பத்தில் புழக்கத்தில் இல்லை. பால் தொட்டியைக் கழுவுகிற பிரஷ் கொட்டகையில் இருந்தது. கோரல் அதை எடுத்துக்கொண்டாள். மதியத்துக்குள் நெவிலின் உடம்பில் ஒரு பூகோளப் புத்தகமே இருந்தது. கெண்டைக்காலில் ஒரு கண்டம், தொடையில் சில தீவுகள். இடையில் இளஞ்சிவப்பாகக் கடல்.

"தேய்க்கிறதுக்கு முன்னாடி இருந்ததே தேவலை" என்றார் நெவில்.

"அதுக்கு முன்னாடி இருந்தது இன்னும் தேவலை" என்றாள் கோரல்.

மதியம் மறுபடி கடைக்குப் போனபோது ஜசிந்தா அவரைக் கூண்டுக்குள் விடவில்லை. துப்பாக்கி மாதிரிக் கையில் பிடித்து அடிக்கிற தெளிப்பானை எடுத்தாள். குழாய் நீண்டு ஒரு சிறிய மோட்டாரில் போய் முடிந்தது. வெளுத்த இடங்களாகப் பார்த்துப் பார்த்து, சுவருக்குப் பூச்சு போடுகிறவள் போல நிரப்பிக்கொண்டே வந்தாள். கெட்டிக்காரி. ஆனால் அவளிடம் இருந்த சரக்கு ஒரு திசையில் மட்டுமே வேலை செய்தது. வெளுத்ததைப் பழுக்க வைக்கலாம். பழுத்ததை வெளுக்க வைக்க முடியாது. எல்லாம் சமமானபோது நெவில் ரெக்ஸைத் தாண்டிப் போயிருந்தார். கண்ணாடியில் பார்த்தால் இப்போது முகம்தான் வெளுப்பாகத் தெரிந்தது.

"அப்ப முகத்துக்கும் அடிச்சிடு" என்றார், எதிர்த்துப் போராடுகிற எண்ணத்தைக் கைவிட்டவராக.

"கேளுங்க. நாளைக்குக் காலையில வெதுவெதுப்பான தண்ணியில ஒரு தடவை அலசிடணும். காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

விழத்தான் செய்தது. ஆனால் சனிக்கிழமை காலை குளியலறை வாசலில் நின்று நெவில் நெடுநேரம் யோசித்தார். அவருடைய கஷ்டம் எல்லாம் ஆரம்பித்தது ஒரு குளியலில். சமமாக வந்திருப்பதைத் தண்ணீர் மறுபடி தீவாக்கிவிட்டால்? ஒருமுறை பட்டாகிவிட்டது. குழாயைத் திறக்காமலே வெளியே வந்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு வெயில் வஞ்சனையில்லாமல் அடித்தது. கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் சட்டைக் கழுத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. கோரல் வெள்ளைச் சரிகைக் கையுறை போட்டுக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் இதுதான் இப்போது நாகரிகம் என்றாள். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு மணலில் நின்ற நெவிலை ரெக்ஸ் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு நகைச்சுவையும் கைக்கு எட்டாமல் மூடிக்கொண்டார்.

டாம்சின் வண்டியிலிருந்து இறங்கினாள். வெள்ளைப் பட்டு, முழங்கை வரை கை வைத்த உடை. அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அப்பா."

"கொஞ்சம் வெயில்ல நின்னேன்."

"எத்தனை வருஷம்?"

"கண்ணு, நீ தனியா நடந்து போ. நான் பின்னாலயே வரேன். என்னைத் தொட்டா ஒட்டும். உடை பாழாயிடும்."

டாம்சின் அவர் கழுத்தைப் பார்த்தாள். மடித்துவிட்ட கால்களைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து இறங்கி வந்த ஒரு பழுப்புச் சொட்டு தாடையில் நின்று யோசிப்பதையும் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. உதடு ஒருமுறை நடுங்கியது. அழுகையா வேறெதுவுமா என்று நெவிலுக்குப் பிடிபடவில்லை.

"கையைக் குடுப்பா."

"டாம்சின், பட்டு..."

"கையைக் குடு."

கொடுத்தார். அவள் அதைத் தன் முழங்கை மடிப்புக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மணலில் நடந்து மாப்பிள்ளை பக்கத்தில் போய் அவளை விட்டபோது, அந்த வெள்ளைப் பட்டுக் கையில் நெவிலின் ஐந்து விரலும் ரேகையோடு பதிந்திருந்தன. வாக்குறுதி சொல்லும்போதெல்லாம் அந்தக் கைதான் முன்னால் நீண்டது. நெவில் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு படம் எடுக்கிற நேரம் வந்தது. குடும்பம் முழுவதையும் தண்ணீர் ஓரமாக வரிசையில் நிற்க வைத்தார்கள். நெவில் ரெக்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினார், முன்னால் இழுத்துவிட்டார்கள். ஒரு சிறுமிக்குப் பின்னால் மண்டியிட்டார், எழுப்பிவிட்டார்கள். ஈர மணலில் ஒருக்களித்துப் படுத்துக் காமிராவைத் திருகிக்கொண்டிருந்த பெண்ணிடம் கடைசியில் அவரே போய்க் குனிந்தார்.

"அம்மா, ஒரு உதவி. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றாங்களாமே. என் நிறத்தை மட்டும் கொஞ்சம் பழையபடி மாத்திட முடியுமா? பொண்ணு காலம்பூரா பார்க்கப் போற படம்."

அவள் காமிராவை இறக்கிவிட்டு அவரை விழித்துப் பார்த்தாள்.

"நிறமா? எல்லாப் படமும் கறுப்பு வெள்ளைதான் வேணும்னு டாம்சின் போன மாசமே சொல்லிட்டாங்களே. ஏதோ பார்பிக்யூ நடந்துச்சாமே, அதுக்கு மறுநாள் காலையிலயே போன் பண்ணி, எங்கப்பா காலைப் பார்த்து இனிமே ஒருத்தரும் சிரிக்கக் கூடாதுன்னாங்க."