ஆணி அக்கா மாடிக்கு நெட் ஏற்றிய கதை

தாம்பரத்துக்குத் தெற்கே சுத்தியல் வைத்திருந்தவர்களில் ஆணி அக்காவுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. எலக்ட்ரீஷியன்கள் அவர் தெருவுக்குள் நுழையும்போதே பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

பீர்க்கன்கரணையில் எங்கள் ஹவுஸ் ஓனர் அவர். கீழ்த்தளத்தில் அக்கா, முதல் மாடியில் நானும் என் மனைவியும், இரண்டாவது மாடியில் எஸ்தர். வாடகைக்குப் போனபோது அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"தண்ணி எவ்ளோ வேணா ஊத்திக்கோ. விருந்தாடி வரட்டும், போகட்டும். செவுத்துல மட்டும் ஆணி அடிக்கக் கூடாது. இது எங்கப்பா நெல்லு வெளஞ்ச நெலத்துல நின்னு கட்டுன வூடு."

அதனால் எங்கள் வீட்டில் கடிகாரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. காலண்டர் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தோடு தொங்கியது. கல்யாண போட்டோவைச் சோபாவில் சாய்த்து வைத்திருந்தோம். விருந்தினர் வந்தால் போட்டோவில் இருந்த எங்களை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு அவர்களை உட்கார வைப்போம். ஒருநாள் பக்கத்து வீட்டில் யாரோ எதையோ தட்ட, அக்கா தலையில் எண்ணெயோடு மாடியேறி ஓடி வந்தார்.

"இன்னாபா அடிக்கிற?"

"நான் இல்லக்கா, பக்கத்து வீட்ல."

சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் இறங்கிப் போனார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தன் வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் வாங்கினார். "தண்ணிக்கு ஒரு மோட்டார்தானே கீது? நெட்டுக்கும் ஒண்ணு போதும். மூணு வூடும் யூஸ் பண்ணுங்க" என்று பெரிய மனசோடு அறிவித்தார். ஆனால் அவர் அப்பா போட்ட கான்கிரீட் சாதாரணமானதா? கீழே சீரியல் ஜம்மென்று ஓடியது. எங்கள் வீட்டில் பாத்ரூம் வாசலில் நின்றால் மட்டும் சிக்னல் வந்தது. எஸ்தர் வீட்டுக்கு ஒன்றுமே ஏறவில்லை.

எஸ்தர் அப்போது நிறைமாதம். கணவர் ஜோசப்புக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கப்பலில் நெட் உண்டு. இந்த வீட்டில்தான் போன் சிக்னலும் கிடையாது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றால்தான் அவரோடு பேச முடியும். கீழே வந்து பேசச் சொன்னால், அடுத்தவர் வீட்டில் நின்று கணவரோடு பேச எஸ்தருக்குக் கூச்சம். ஒரு மழைநாளில் எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குடையோடு அங்கே நிற்பதை, துணி எடுக்கப் போன அக்கா பார்த்துவிட்டார்.

"நடுக்கடல்ல கீறவனுக்கு சிக்னல் வருது. பெருங்களத்தூர் பக்கத்துல கீற நமக்கு வரலியா? இன்னா அநியாயம்!"

அன்றைக்கு ஆரம்பித்தது யுத்தம்.

முதலில் ரவுட்டர் ஸ்டூல் மேல் ஏறியது. பிறகு பீரோ மேல். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் உட்கார்ந்து, கயிறு கட்டி, ஒயர் வந்த அளவுக்கு மாடிப்படி நடுவே தொங்கியது. அக்கா கீழே நின்று கயிற்றை இழுப்பார். எஸ்தர் மேலே போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"வருதாமா?"

"இல்லக்கா!"

"இப்போ?"

"இல்லக்கா!"

மறுநாள் காலையில் பால்காரர், கூடை தனக்காகத்தான் தொங்குகிறது என்று நினைத்து பாக்கெட்டுகளை அதில் போட்டுவிட்டுப் போனார். ரவுட்டர் சூட்டில் பால் திரிந்தது. நெட் வரவில்லை.

அடுத்து, சிக்னலைப் பிடித்து மேலே தள்ளும் குட்டிப் பெட்டி ஒன்று வந்தது. அதை எங்கள் ஹாலில் சொருகினார் அக்கா. எங்கள் பீரோ குறுக்கே நிற்கிறது என்று தானே நகர்த்தினார். நாங்கள் சாப்பிடும்போது வந்து, "சாப்டுங்க, சாப்டுங்க" என்று சொல்லிக்கொண்டே டைனிங் டேபிளையும் எங்களையும் சேர்த்துத் தள்ளி வைத்தார். என் மனைவி அவருக்கும் ஒரு தட்டு வைக்கப் பழகிக்கொண்டாள்.

எங்களுக்கு நெட் பிரமாதமாக வந்தது. எஸ்தர் வீட்டில் ஒரே ஒரு கோடு. வீடியோ காலில் ஜோசப் வாயைத் திறந்த நிலையில் அப்படியே உறைந்து நின்றார்.

அக்கா எட்டிப் பார்த்தார். "பாவம், சோத்துக்கு வாயத் தொறந்தா மாரியே நிக்கிறான்."

கடைசியில் கேபிள்காரரை வரவழைத்தார். அவர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

"இந்த பில்டிங்க்கு அந்தக் குட்டிப் பெட்டிலாம் ஆவாதுக்கா. கீழேர்ந்து மேல வரைக்கும் ஒயர் இழுத்து அங்க இன்னொரு ரவுட்டர் வைக்கணும். படிக்கட்டுச் செவுரு நெடுக கிளிப் அடிக்கணும்."

"கிளிப்புன்னா?"

"சின்ன... ஆணிதான்."

அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே ஜி.எஸ்.டி ரோடு வரை தள்ளிக்கொண்டு ஓடியதாகத் தெருவில் பேச்சு.

அந்த வாரமே எஸ்தருக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த அன்று மழை விடவில்லை. ஜோசப் இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை; எஸ்தர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கப்பலில் நெட் கெட்டுப்போயிருந்தது. அன்று சாயங்காலம்தான் அவருக்கு டூட்டி முடியும். எஸ்தர் குழந்தையைத் துண்டில் சுற்றி, மொட்டைமாடிப் படியையும் மழையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அக்கா அதைப் பார்த்தார். கீழே போய், தன் வீட்டு நெட் வழியாகவே போன் போட்டார்.

"கேபிளு, வாப்பா. வந்து அடி."

"நிஜமாவா அக்கா?"

"நான் மனசு மாறத்துக்குள்ள வா."

வந்தார். முதல் ஆணி இறங்கியபோது அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். ஊசி போட்டுக்கொள்கிறவர் பிடிப்பதுபோல. "மெதுவா... மெதுவா..." என்று ஒவ்வொரு படியிலும் கூடவே ஏறினார். எஸ்தர் வீட்டுச் சுவரில் டிரில் பாய்ந்து காரை கொட்டியபோது, நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

"கொழந்த மேல தூசி பறக்கப் போவுது. உள்ளார தூக்கிக்கினு போம்மா" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் போன் அடித்தது. ஜோசப் திரையில் வந்தார், உறையவில்லை. மகளைப் பார்த்தார், அழுதார், கண்ணைத் துடைத்தார், எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. எஸ்தரும் அழுதார்.

கொஞ்ச நேரம் பொறுத்த அக்கா போனை வாங்கிக்கொண்டார். "மூக்கு உன்னுதுதாம்பா, பாத்துக்க. சரி, இதப் பாரு." போனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். "இந்த ஆணி, அந்த ஆணி, எல்லாம் உன் பொண்ணுக்கோசரம் அடிச்சது. லீவுல வந்து நீதான் சுண்ணாம்பு அடிச்சிக் குடுக்கணும்."

"அடிக்கிறேன்க்கா" என்று நடுக்கடலிலிருந்து தெளிவாகப் பதில் வந்தது.

இதுதான் சமயம் என்று என் மனைவி கேட்டாள்: "அக்கா, எங்களுக்கும் ஒரு காலண்டர் ஆணி..."

"காலண்டர்லேர்ந்து நெட்டு வருமா? வந்தா அடிச்சிக்கோ."

இப்போது நாங்கள் மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவிடமிருந்து வீடியோ கால் வரும். போனைப் பிடிக்க இன்னும் பழகவில்லை. எங்களுக்குத் தெரிவது அவர் நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும் மட்டும்தான். விசேஷமாக ஒன்றும் பேச மாட்டார். குழம்பு என்ன, தண்ணீர் லாரி வந்ததா என்பார். நடுவில் சீரியல் பார்க்கப் போய்விடுவார், போனை வைக்க மறந்து. ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்களும் கட் பண்ணுவதில்லை.