பரந்தாமனின் பலூன்

பரந்தாமனின் பலூன் தரையை விட்டு எழும்பவே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர் அவர். ஃபோர்மேன் நாற்காலி காலி. அதில் யார் உட்காருவது என்பதை ஒரு கம்ப்யூட்டர் கேம் முடிவு செய்யுமாம்! முதலாளியின் யோசனை. தலையில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும். கவனம் குவிந்தால் பட்டை மூளையின் சிக்னலை வாங்கிப் பலூனை மேலே ஏற்றும். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

ரெண்டு வருஷம் முன்னால் சேர்ந்த தினேஷுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். பரந்தாமனுக்கு மூன்று.

"மூணா? இன்னாமா, மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குண்ணா. நெத்தியில நாமம் போட்டிருக்கீங்க. பட்டை தோல்ல படணும்" என்றாள் ஆபீஸ் பெண் மதிவதனி.

அன்று புரட்டாசி சனிக்கிழமை. பல்லைக் கடித்துக்கொண்டு நாமத்தைத் துடைத்தார். இரண்டு.

"தலையில எண்ணெய் வழியுதுண்ணா. அதனாலயா இருக்கும்."

"எண்ணெ வெக்காத தலை ஒரு தலையா?" என்று சீறிவிட்டு, குழாயடியில் குனிந்து, கை கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தார். கண் எரிந்ததுதான் மிச்சம். பூஜ்யம்.

"அண்ணாத்தே, உள்ள எதுனா இருந்தாத்தானே மேல ஏறும்!" என்றான் தினேஷ். பட்டறையே சிரித்தது.

பரந்தாமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மைக்ரான் பிசகாம கடையற மூளைடா இது! இதுக்கு பூஜ்யமா?"

மதிவதனிக்குப் பாவமாகிவிட்டது. "முடி அடர்த்தியா இருக்குண்ணா. அதான் சிக்னல் எடுக்கல போல."

ஃபோர்மேன் வேலை கிடைத்தால் திருப்பதியில் காணிக்கை தருவதாக வேண்டிக்கொண்டு எட்டு மாதமாக வளர்த்த முடி அது. பெருமாளுக்கு எழுதி வைத்த சொத்து. அதில் கை வைப்பதா? தினேஷ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். பரந்தாமன் விடுவிடுவென்று எதிர் சலூனுக்குள் நுழைந்தார்.

"மொட்டை போடு."

சலூன்காரர் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். "ஊட்ல யார்னா...?"

"மூளைக்கு சிக்னல் கெடைக்கல. போடுய்யா!"

அரை மணியில் வழவழவென்று திரும்பி வந்து பட்டையை மாட்டினார். பலூன் கிடுகிடுவென்று ஏறித் திரையின் உச்சியில் முட்டியது. நூறு! ஒரே கைதட்டல். முதலாளியே எழுந்து வந்து கை குலுக்கினார்.

"இப்ப சொல்றா, உள்ள இன்னா கீது?" என்று தினேஷைப் பார்த்து உறுமினார் பரந்தாமன். பெருமாளிடம் மட்டும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். முடி வளராதா என்ன?

சத்தம் கேட்டு, பட்டறையைப் பெருக்கும் குப்பம்மா ஸ்டோர் ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார். முடி கண்ணில் விழாமலிருக்க, அங்கே கிடந்த இன்னொரு பட்டையைக் காலையிலேயே எடுத்துத் தலையில் மாட்டியிருந்தார். அதில் பச்சை விளக்கு எரிந்தது. பரந்தாமனின் பட்டையில் விளக்கே இல்லை.

"இன்னா நைனா இது? காலைல கீரை ஆஞ்சிகினு இருந்தேன், கை தட்டுனீங்கோ. கொஞ்சம் கண்ணசந்தேன், ஒரு சத்தமும் காணோம். இப்ப ஊசியில நூல் கோத்தா மறுபடியும் தட்றீங்கோ!"